சைக்கிளுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்

1

இந்த மலைக்கு வந்து இன்றோடு ஒரு வருஷம். சிலோனுக்கு வந்து ஏழு வருஷமாகிவிட்டது. ஆனால் முதல் ஆறு வருஷமும் கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்தில் கழிந்ததால் அதைப் பரதேச வாசமாகக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக் குலசேகரத்தில் குடியிருந்த மாதிரிதான் இருந்தது. அதே மரம், அதே பால் நாற்றம், அதே வேர்வை. என் வீட்டுக்காரருக்கு ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு வேலை கிடைத்து, நாங்கள் மூன்று பேரும் மூட்டை முடிச்சோடு இங்கே வந்து இறங்கின அன்றைக்குத்தான், வெளிநாடு என்றால் என்னவென்று என் உடம்புக்குத் தெரிந்தது. பல் கிட்டிப்போயிற்று.

வருஷம் நிறைந்ததற்கு என் சைக்கிள் இன்று காலையில் எனக்கு ஒரு மரியாதை செய்தது. மேல் டிவிஷன் லயத்துக்குப் போகிற வழியில், துரை பங்களா வளைவு தாண்டினதும் லேசாக ஓர் ஏற்றம் வரும். அங்கே வைத்து மிதிக்கிறேன், மிதிக்கிறேன், கால் மட்டும் சுற்றுகிறது. செயின் ஓடுகிறது. பின்சக்கரம் எனக்கென்ன என்று நிற்கிறது. கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள், "மருத்துவச்சியம்மா காத்த மிதிக்கிறாங்கடி!" என்று சிரித்தார்கள். சைக்கிளைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. எறியாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

ஆமாம், நான் இந்தத் தோட்டத்து மருத்துவச்சி. லயம் என்று இங்கே சொல்வது தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகளை. அப்படி மலைக்கு மூன்று மூலையிலும் லயங்கள் இருக்கின்றன. மேல் டிவிஷன்தான் தூரம். நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, அழுது, தூங்கியும்விடும்.

அந்த மேல் டிவிஷனில்தான் லெட்சுமி இருக்கிறாள். கொழுந்து பறிக்கிற பெண். அவளுக்கு இது மூன்றாவது வயிறு. முதல் இரண்டும் தங்கவில்லை. அப்போது மேல் டிவிஷனைப் பக்கத்துத் தோட்டத்து மருத்துவச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் போய்ச் சொல்லி அவள் வந்து சேர்வதற்குள் இரண்டு தடவையும் எல்லாம் முடிந்துவிட்டது. லெட்சுமிக்கு வலி எடுத்தால் நிற்காது, ஒரு பானை சோறு வேகிற நேரந்தான். இரண்டு பிள்ளைக்கும் கழுத்தில் கொடி சுற்றியிருந்திருக்கிறது. எடுத்துவிட ஆளில்லை.

நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்.

"அம்மா, நீங்க வந்துருவீங்கதானே?"

"வந்துடுவேன் பிள்ளே."

"சைக்கிள் வருமா?"

அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா யாழ்ப்பாணத்தவர். நான் பிந்திப் போகிற நாளில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்ன பிள்ளை, உம்மட வாகனத்துக்கு இண்டைக்கும் சுகமில்லையோ?" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். போன வாரம் சிரிக்காமல் சொன்னார், "இப்பிடியே போனால் மேல் டிவிஷனைத் திரும்பவும் பக்கத்துத் தோட்டத்துக்கே குடுக்கவேண்டி வரும். துரை கேட்கிறார்." அப்படிக் கொடுத்தால் லெட்சுமியின் கதி என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதில் கொடுமை, மத்தியானம் ஆனதும் சைக்கிள் கன்றுக்குட்டி மாதிரி ஓடும். ஐயா வாசலில் வந்து நின்று பார்க்கிற நேரத்தில் அதில் ஒரு குறையும் இருக்காது. காலையில் தூங்கிவிட்டுச் சைக்கிள் மேல் பழி போடுகிறாள் என்று நினைப்பாரா, மாட்டாரா? நானாக இருந்தால் நினைப்பேன்.

2

ஊரில் இதைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. மார்த்தாண்டம் சந்தைக்குப் போக வர இருக்கிறவர்களுக்கு என் அப்பாவைத் தெரிந்திருக்கலாம். தேங்காயெண்ணெய்க் கடை. தலைவலி, சுளுக்கு, சேற்றுப்புண், கீச்சிடும் கதவு, பிடிவாதம் பிடிக்கிற பூட்டு எதுவானாலும் அப்பாவிடம் ஒரே மருந்துதான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் நான் மருத்துவச்சிப் படிப்பு முடித்ததும், சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா மறு பேச்சில்லாமல் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதில் ஏறி முதல் நாள் நான் சந்தைச் சந்திப்பைக் கடந்தபோது வாழைக்குலை ஏலமே நின்றுபோயிற்று. "எலே, பெம்பிள்ள சைக்கிள் சவுட்டுகா பாருலே!" என்று ஒருவன் கத்தினான். சவுட்டினேன். அவன் காலில் ஏற்றாமல் விட்டது என் நல்ல குணம்.

அடுத்து வீட்டில் ஒரு பிரச்சினை வந்தது. சைக்கிளுக்கு எண்ணெய் போடவேண்டும், அது சரி. என்றைக்குப் போடுவது? எங்கள் பக்கத்தில் ஆணுக்குச் சனி, பெண்ணுக்கு வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்கு ஒரு முறை இருக்கிறதே. அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"லேடீஸ் சைக்கிள்தானே? அப்போ வெள்ளிக்கிழமை."

"அதுக்குச் சாம்பிராணியும் போடுங்க, சளி பிடிச்சிரப் போகு" என்றாள் அம்மா.

ஆனால் அந்த முறை நிலைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலை, என் தலை, பிறகு சைக்கிள். அப்பா அதை முற்றத்தில் படுக்கப்போட்டு, பின்சக்கரத்துப் பல்லுக்கு நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்குமே, அதில் மூக்கு வைத்த சின்னக் கிண்டியால் எண்ணெய் ஊற்றுவார். பெடலைப் பின்னோக்கிச் சுற்றச் சுற்ற அது குடிக்கும். மறுபக்கம் வழிகிறவரை ஊற்றுவார். செயினை மட்டும் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுவார். சைக்கிளும் சத்தமில்லாமல் ஓடும். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது சைக்கிளோடு அந்தக் கிண்டியையும் கையில் கொடுத்தார். கப்பலேறி வந்தும், அப்பா டின்னில் அனுப்புகிற எண்ணெயை ஊற்ற ஒரு வெள்ளி நான் தவறவிட்டதில்லை. நாள் கிழமையை நான் மறந்தாலும் சைக்கிளைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும்.

3

கோளாறு முதலில் செயினில் தொடங்கியது. அதை முறையாகச் சொல்கிறேன், சைக்கிள் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

மலைக்கு வந்த புதிதில், ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் 'கடக்' என்று செயின் ஒரு பல் தாண்டும். முழங்கால் போய்க் கைப்பிடியில் இடிக்கும். கீழே டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பியதாசவிடம் கொண்டுபோனேன். சிங்களவர். கைவேலைக்காரர்களை இங்கே பாஸ் என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பெண்களை நோனா என்பார்கள், அம்மா என்கிற மாதிரி. அவர் முன்பல்சக்கரத்தின் முன்விளிம்பில் செயினை இரண்டு விரலால் பிடித்து வெளியே இழுத்தார். பாதிப் பல் தெரிந்தது.

"பாருங்க நோனா. செயின் நீண்டு போச்சி."

"இரும்பு எப்படி நீளும்?"

"இரும்பு இல்ல. ஒவ்வொரு ஆணியும் கொஞ்சம் கொஞ்சம் தேயும். எல்லாம் சேர்ந்தா நீளம்."

ஆறு வருஷ ரப்பர் தோட்டத்துப் புழுதி அரைத்த அரைப்பு. புதுச் செயின் போட்டார். மறுநாள் முன்னைவிட மோசம், கடக் கடக் என்று ஒரே தாளம். திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். அவர் பின்பல்லைத் துடைத்துக் காட்டினார். பல் ஒவ்வொன்றும் தேய்ந்து ஒரு பக்கமாகக் கொக்கி போலச் சாய்ந்திருந்தது. பழைய செயினும் பழைய பல்லும் ஒன்றாகத் தேய்ந்து ஒத்துப்போய்விட்டவையாம், புதுச் செயின் அந்தப் பல்லில் உட்காராதாம். அதனால் பின்பல்லோடு சேர்ந்த அந்தச் சக்கரத்தையும், பிரீவீல் என்கிறார்களே அதை, மாற்றினோம். சரியாகிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை சந்தோஷத்தில் எண்ணெயைத் தாராளமாகவே ஊற்றினேன்.

சில வாரம் கழித்துத்தான் இந்த இரண்டாவது நோய் வந்தது. இதில் கடக் இல்லை, இடி இல்லை. கால் வெறுமனே சுற்றும். பியதாச பாஸ் செயினை இழுத்துப் பார்த்தார், இம்மி தெரியவில்லை. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, மடங்காத கண்ணி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. அச்சு மரை தளர்ந்திருக்கிறதா, இல்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினார், கல் மாதிரி நின்றது. அதெல்லாம் உச்சி வெயிலில், அவருடைய தகரக் கொட்டகையில்.

"ஒண்ணும் இல்ல நோனா. பயம்."

எனக்கா பயம்? பதிலாக நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, அது மார்த்தாண்டத்துத் தமிழ். அவருக்குப் புரிந்திருக்காது.

வீட்டில் என் வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "ஒருவேளை நீ சவுட்டுகது சரியில்லையோ என்னவோ" என்றார். அன்று இரவு அவருக்குக் குழம்பில் உப்பு இல்லை. பிறகு ஒருநாள் அவரே, "காலத்த நீ போகும்போ சைக்கிள் சத்தமே கேக்கல்ல. சாயந்திரம் வரும்போ டிக்டிக்னு வளைவுல இருந்தே கேக்கு. கவனிச்சியா?" என்று கேட்டார். சத்தமில்லாமல் போவது நல்லதுதானே என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் காலையில் இன்னொரு யுத்தம். மகள் பொன்மணிக்கு ஒன்பது வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தோழிகளோடு சிங்களமும் இங்கிலீஷும் கலந்து பொழிவாள், வீட்டில் லயத்துப் பிள்ளைகளின் தமிழ். எங்கள் ஊர்ப் பேச்சு வாயில் வராது. 'எனக்க புஸ்தகம்' என்று நான் சொல்லிக்கொடுத்தால், 'என்னோட புஸ்தகம்' என்று திருத்துகிறாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்கிறாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைப் பிடிக்கிறதாம். மார்த்தாண்டத்து எண்ணெய் மணக்கிறது என்றுதான் மூக்குள்ளவர்கள் சொல்வார்கள். தினமும் எண்ணெய்ப் புட்டியை அடுப்போரம் வைத்து இளக்கி, அவளைப் பிடித்து இழுத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கித் தேய்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இருவருமே கண் கலங்கித்தான் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறோம்.

4

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊருக்கு ஒரு நடை போய்வந்தோம். சைக்கிளைக் கொண்டுபோக முடியாது. பியதாச பாஸிடம் அந்தப் பிரீவீலை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன். "நல்லதை ஏன் கழட்டுறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். நம் ஊர்க்காரன் கைக்குப் போனால் நோய் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. பழைய சேலைத்துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

போய்த் திரும்புவதற்கான அனுமதிக்காகவே என் வீட்டுக்காரர் அரசாங்கக் கச்சேரிக்கு எத்தனையோ நடை நடந்தார். இங்கே எத்தனை வருஷம் இருந்தாலும் நாங்கள் தற்காலிகம்தான் என்று காகிதத்தில் இருக்கிறது. அக்கரையில் தனுஷ்கோடி சுங்கத்தில் அதிகாரி பெட்டியைக் கிளறி அந்தச் சேலைத்துண்டை அவிழ்த்தார்.

"என்னம்மா இது?"

"சைக்கிளுக்க பல்லு."

"பல்லா? சைக்கிள் எங்கே?"

"தோட்டத்துல நிக்கு. பல்லுக்குத்தான் நோக்காடு."

அவர் அதைச் சுற்றினார். டிக்டிக்டிக் என்று நல்ல பிள்ளையாகப் பாடியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். காகிதத்தில் திருவிதாங்கூர்-கொச்சி என்றிருப்பதைப் பார்த்து, "மலையாளமா?" என்றார். தமிழ் என்றேன். "அப்புறம் ஏன் பாட்டுப் பாடுற மாதிரி பேசுறே?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எங்கள் ஊரில் அப்போது தமிழர் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்பதுதான் கடைக்குக் கடை பேச்சு. இவரோ சுங்க மேஜையிலேயே என்னை மலையாளத்தில் சேர்த்துவிடப் பார்த்தார். இத்தனைக்கும் யாழ்ப்பாணத்து ஐயா கேட்பதும் இதே கேள்விதான். ஊரில் என்னவென்றால், ஒரு வாய் சாயா கேட்பதற்குப் பதில் பழக்கதோஷத்தில் 'தேத்தண்ணி' என்று சொல்லிவிட்டேன், "சிலோன்காரி வந்திருக்கா" என்று அம்மாவே சிரித்தாள். எங்கே போய் நிற்கிறது என்று தெரியவில்லை.

மார்த்தாண்டத்தில் சைக்கிள் கடை செல்லப்பன் என்னோடு படித்தவன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"இதுக்கு ஒரு கேடும் இல்ல. உள்ளே ரெண்டு நாக்கு உண்டு. முன்னால சவுட்டினா நாக்கு நிமிர்ந்து பல்லைக் கவ்வும், சும்மா விட்டா டிக்டிக்னு வழுக்கும். ரெண்டும் ஒழுங்கா நிக்கு. நீ அங்க மிதிக்கியா, இல்ல, கனவு காணுகியா?"

"சவத்த, காலத்த பிடிக்கல்லன்னு சொல்லுகேன். நீ ஒருத்தன்தான் பாக்கி!"

அப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "எண்ணெ காணாது மக்கா. அதான்." கிண்டியை எடுத்தார். மறுபக்கம் வழிகிறவரை ஊற்றி, சுற்றி, மறுபடி ஊற்றினார். வாழையிலையில் பொதிந்து கையில் தந்தார். கூடவே ஒரு டின் நிறைய எண்ணெய், சைக்கிளுக்கும் பொன்மணி தலைக்கும். பஸ் ஏறும்போது அம்மா சாமியைக் கும்பிட்டு, "அய்யா உண்டு மக்கா, பாத்துப் போ" என்றாள். அப்பா, "வெள்ளிக்கிழமை மறந்திராத" என்றார்.

திரும்பி வந்து மாட்டியபிறகு வாரத்தில் ஒரு காலையில் வந்த நோய் எல்லாக் காலையிலும் வருகிறது. லெட்சுமி இன்றைக்கும் கேட்டாள், சைக்கிள் வருமா என்று.

5

மேலே உள்ளதை எழுதி வைத்ததோடு நின்றுபோயிற்று. பிறகு நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மலை முழுக்க மூடுபனி. விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. பொன்மணி எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. மெழுகு மாதிரி உறைந்து வெள்ளையாக நின்றது.

"பாருங்கம்மா! இதப் போயி என் தலையில வைக்கிறீங்க."

"அதுக்க குற்றமா? குளிருக்கு எதுவும் உறையத்தான் செய்யும். உருக்கினா ஓடும். இருடி."

இருக்கவில்லை. நான் பிடிக்கிறதற்குள் வாசலில் ஆள் சத்தம். லெட்சுமியின் புருஷன் முனியாண்டி. ஓடி வந்த ஓட்டத்தில் பேச்சு வரவில்லை, கையால் மேலே காட்டினான். பையை எடுத்தேன். பிறந்த பிள்ளை மேலுக்குத் தடவுகிற எண்ணெய்ச் சீசாவை எப்போதும் போல இடுப்புச் செருகலில் வைத்துக்கொண்டேன். பையில் போட்டால் கட்டியாகிவிடும், பச்சைப் பிள்ளைக்கு ஆகாது. சைக்கிளில் ஏறிப் பறந்தேன்.

பறந்ததெல்லாம் பங்களா வளைவுவரைதான், அதுவரை வழி இறக்கம். ஏற்றம் வந்ததும் கால் வெறுமனே சுற்றியது. இறங்கி ஏறினேன். பின்னால் சுற்றி முன்னால் மிதித்தேன். ஒன்றுமில்லை. "சவமே, சதி செய்யாதே, இன்னைக்கு மட்டும் போயிரு" என்று கெஞ்சினேன், திட்டினேன். அழுகையும் வந்துவிட்டது. அவளுக்கு வலி எடுத்தால் நிற்காது. நடந்தால் முடியாது. மூன்றாவதும் போனால் அந்தப் பெண் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆத்திரத்தில் பின்சக்கரத்தை அறையக் குனிந்தபோது இடுப்பிலிருந்த சீசா வயிற்றில் அழுத்தியது. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எண்ணெய் தண்ணீராக ஆடியது.

அப்படியே நின்றுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை இந்தச் சக்கரத்துக்குள் நான் ஊற்றியது எதை? இதே எண்ணெயைத்தானே! உள்ளே இரண்டு நாக்கு என்று செல்லப்பன் சொன்னான். ராத்திரிக் குளிரில் உறைந்த எண்ணெயில் புதைந்து, நிமிர முடியாமல் அல்லவா அவை கிடக்கும்? அதனால்தான் காலையில் சத்தமில்லை. வெயில் ஏறினதும் இளகிவிடும், பாஸ் கடையில் பாடும், மார்த்தாண்டத்தில் பாடும். பிள்ளைக்கு ஆகாது என்று சீசாவை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு, மகள் தலைக்குத் தினமும் அடுப்போரம் இளக்குகிறவளுக்கு, சைக்கிள் விஷயத்தில் இது உறைக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் அல்லாமல் வேறு யாராவது இதைச் செய்திருப்பார்களா? மற்றவர்கள் சைக்கிளுக்கு மெஷின் எண்ணெய் அல்லவா போடுவார்கள்!

சுடுதண்ணீர் வேண்டும். நடுமலையில் சுடுதண்ணீருக்கு எங்கே போவேன்? அப்போதுதான் வளைவில், கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு கறுப்பாயி வந்தாள். ஆவி பறந்தது. நான் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினேன்.

"ஐயோ, மருத்துவச்சியம்மா! சைக்கிளுக்கா தேத்தண்ணி?"

"இதுக்குத்தான் இப்போ ரொம்பத் தேவை!"

பல்லுக்கு நடுவில் ஊற்றினேன். கங்காணி மேலேயிருந்து கத்தினான். கறுப்பாயி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே, பாதி வாளி தீர்கிறவரை ஊற்றினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். இன்னொரு டிக். பிறகு டிக்டிக்டிக் என்று அது பேசத் தொடங்கியது. ஏறி மிதித்தேன், சக்கரம் கவ்விக்கொண்டு என்னை முன்னால் தள்ளியது. பின்னால் பெண்கள் கூச்சல் போட்டார்கள். சிரிப்பா, வாழ்த்தா, தேத்தண்ணி போன ஆத்திரமா, திரும்பிப் பார்க்க நேரமில்லை.

லயத்தில் பாய் மேல் லெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். என்னைக் கண்டதும், "சைக்கிள் வந்துருச்சா?" என்றாள். "வந்துட்டு பிள்ளே, வந்துட்டு" என்றேன். கை கழுவித் துடைப்பதற்குள் தலை தெரிந்தது. இந்தப் பிள்ளைக்கும் கழுத்தில் கொடி சுற்றிதான் இருந்தது. விரல் விட்டு லேசாக்கித் தலைவழியாக எடுத்துவிட்டேன். கொஞ்சம் நீலமாக இருந்தது. முதுகில் தேய்த்தேன். அது அழுதது. பெண் பிள்ளை. இடுப்பிலிருந்து சீசாவை எடுத்து, வெதுவெதுப்பாக மேலெல்லாம் தடவித் துடைத்து, தாயின் மார்பில் கொடுத்தேன். லெட்சுமி அழவில்லை, பிள்ளையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வாசமா இருக்கும்மா" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. வாசலுக்கு வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

6

வாளி விஷயம் எனக்கு முன்னால் மருந்துக்கார ஐயாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "உம்மட சைக்கிள் தேத்தண்ணி குடிச்சாப் பிறகுதான் வேலைக்கு வருமாம், மெய்யோ?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேல் டிவிஷன் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை. கறுப்பாயிக்கு மறுநாள் என் கையால் ஒரு வாளி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இதில் சீனி காணாது என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து கொஞ்சம் மெஷின் எண்ணெய் கொண்டுவந்தார். முற்றத்தில் சைக்கிளைப் படுக்கப்போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி உள்ளேயிருந்த பழையதை எல்லாம் கழுவினேன். அப்பாவின் கிண்டியாலேயே புது எண்ணெயை விட்டேன், மூன்றே சொட்டு. பள்ளிக்கூட உடுப்போடு பொன்மணி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"இனிமே சைக்கிளுக்கு அந்த எண்ணெய் இல்லையா?"

"இல்ல."

"ஏன்?"

"இந்த ஊரு குளிருக்கு அது பிடிக்காது. நம்ம ஊர்ல சரி. இங்க அதப் போட்டா, ஓட வேண்டியது ஓடாம நிண்ணுபோகும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன். அவள் எழுந்தாள். உள்ளே போய்ச் சீப்பை எடுத்து, வறண்ட தலையைத் தானே வாரி, ரிப்பனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். முழங்காலுக்கு நடுவில் இடுக்க என் கை நீண்டது. பிறகு மடக்கிக்கொண்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். "போயிட்டு வாறேம்மா" என்றாள். வருகிறேன் என்பதற்கு எங்கள் ஊரில் வாறேன் என்போம். எங்கே பொறுக்கினாளோ, போகிற போக்கில் அதைச் சொல்லிவிட்டு ஓடினாள்.

அப்பாவுக்கு எழுத்து வாசிக்க வராது. கடைக்கு வருகிறவர்கள் யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால், இந்தக் கடைசி வரிகள் அவருக்கானவை. அப்பா, கோபப்படாதீங்க, சைக்கிளுக்கும் பொன்மணிக்கும் நிறுத்தியாச்சு. ஆனாலும் டின் அனுப்புகதை நிறுத்தாதீங்க. மேல் டிவிஷன்ல ஒரு சின்னத் தலை உண்டு, வெள்ளிக்கிழமை தோறும் சைக்கிள் சவுட்டி நான்தான் போய் வச்சுவிடுகேன்.